தெளிக்காமல் கூட்டிய பன்னிரண்டு நாள்

டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார். "தூசியில நிக்கிற வேலையாம்மா உங்களுக்கு?"

"இல்லீங்கம்மா. தண்ணி தெளிச்சுட்டுத்தான் கூட்டுவேன். தூசி எந்திரிக்காது" என்றாள் அம்மா. அந்த நாலு வார்த்தைக்கும் நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். தண்ணீர் வராத ஒன்றிரண்டு நாளை விட்டுவிட்டால், பன்னிரண்டு நாள் நீங்கலாக உண்மை. அந்தப் பன்னிரண்டு நாளும் தெளிக்காமல் கூட்டச் சொன்னவள் நான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார், படித்த பெண் ஏதாவது சொல்லுவாள் என்று. நான் சீட்டை இன்னொரு தரம் மடித்தேன்.

அம்மாவின் வேலையை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தெரு இருக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய வீடுகள். ஒவ்வொரு வீடும் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். அதில் ஏழு வீடு அம்மாவினுடையது என்று நான் சின்னப் பிள்ளையில் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஏழும் பூட்டிக் கிடப்பவை. சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து கதவைத் திறந்தால் உண்டு. ஆனால் வாசல் மட்டும் ஒரு நாளும் வறண்டு கிடக்கக் கூடாது. விடிந்ததும் லேசாகத் தெளித்து, கூட்டி, மறுபடி நன்றாகத் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். ஏழு வீட்டையும் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேன் ஒவ்வொரு வாசலையும் போனில் படம் பிடித்து அந்தந்த வீட்டுக்கார ஆச்சிக்கு அனுப்புவார். யாரும் மிதிக்காத வாசலில் அம்மா இருபது வருடமாகக் கோலம் போடுகிறாள்.

அந்த வேலையில்தான் நான் படித்தேன். அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போவார். பணம் வந்தால் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது நான். அம்மாவுக்கு என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். தன் பெயரை எழுத மாட்டாள், கைநாட்டுதான். நான் நுண்கலை படிக்கப்போகிறேன் என்றபோது, "அதுல உத்தியோகம் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் ஓவிய வரலாறு எடுக்கிற சார் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, சுவரில் பாரிஸ் தெருக்களைக் காட்டினார். நூறு வருடத்துக்கும் முந்தைய ஓவியங்கள். ஓவியர்கள் மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஜன்னலில் உட்கார்ந்து, கீழே போகிற தெருவை வரைந்திருந்தார்கள். மழையில் நனைந்த தெரு, பனிமூட்டத்தில் தெரு, விளக்கேற்றுகிற நேரத்துத் தெரு. தூரத்து வீடுகள் பாலில் கரைத்துவிட்ட மாதிரி இருந்தன. மனிதர்களுக்கு முகம் கிடையாது. ஒரு பிரஷ் இழுப்பு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் ஒரு ஆள். நிழலுக்குக் கறுப்பே எடுக்கவில்லை. நீலமும் ஊதாவும் வைத்திருந்தார்கள்.

"வீட்டையா வரைஞ்சிருக்காங்க?" என்று சார் கேட்டார். "நல்லாப் பாருங்க. வீட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற காத்தை வரைஞ்சிருக்காங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. காற்றுக்கு நிறம் கிடையாது. அதில் ஏதாவது மிதந்தால்தான் வெளிச்சம் அதில் தங்கும். அந்த ஊரில் மழையும் பனியும் கரிப்புகையும் மிதந்தன. எங்கள் ஊரில் என்ன மிதக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னப் பிள்ளையில் அம்மா கூட்டுகிறபோது தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த வீட்டிலாவது குழாயில் தண்ணீர் வராத அன்றைக்கு அம்மா வறட்டாகக் கூட்டுவாள். அன்று தெரு முழுக்கச் செம்மண் புழுதி எழும்பி, வெயில் அதில் புகுந்து, எதிர்வீட்டு முகப்பு மிதக்கிற மாதிரி தெரியும்.

எழுந்து நின்று சொன்னேன். "சார், இது எங்க ஊருத் தெருவுலயும் நடக்கும் சார்."

பின்பெஞ்சில் இருந்து ஒருத்தன், "என்ன, கொசு மருந்துப் புகையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. "பங்குனி வரட்டும். வரைஞ்சு கொண்டாந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பங்குனி என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தத் தெரு நூல் பிடித்த மாதிரி கிழக்கு மேற்காக ஓடுகிறது. வருடத்தில் மற்ற நாளெல்லாம் காலை வெயில் ஒரு பக்கத்து வீடுகளின் மேல்மாடிச் சுவரில் சாய்ந்துதான் விழும். பங்குனியில் கொஞ்ச நாள் மட்டும் சூரியன் நேராகத் தெருவின் தலையில் எழும்பும். தெரு முழுக்க ஒரே கோட்டில் வெளிச்சம் ஓடி வரும். பிறகு புரட்டாசியில் இன்னொரு தரம். இது அம்மா சொல்லி எனக்குத் தெரியும். வெயில் கண்ணில் குத்துகிற நாளில் அவள் மேற்கே பார்த்துக் கூட்டுவாள்.

பங்குனி பிறந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, கொஞ்ச நாளைக்குத் தண்ணி தெளிக்காமக் கூட்டுறியா? கூட்டி முடிச்சுட்டுத் தெளிச்சுக்க."

"எதுக்குடி?"

"புழுதி வேணும். வரையணும்."

அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம் உரக்கச் சொன்னாள். "கேட்டியா கதைய? ஊருல பிள்ளைக செயினு கேக்கும், செல்போனு கேக்கும். இவ புழுதி கேக்குறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புழுதிதானே, நம்மிடம் இருக்கிறதே என்கிற சிரிப்பு. நான் இதுவரை கேட்டதில் அவளால் உடனே தர முடிந்த பொருள் அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை தெருவின் மேற்கு முனையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் சின்னப் பலகை, காலடியில் வண்ணப் பெட்டி. சூரியன் தெருவின் தலைக்கு வந்தபோது அம்மா முதல் வாசலில் விளக்குமாற்றை வைத்தாள். வறண்ட மண் எழும்பியது. முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு, பிறகு மின்கம்பி வரைக்கும். வெள்ளைச் சுவரெல்லாம் பழுத்த நிறத்துக்கு மாறியது. நிழல் பக்கம் உண்மையிலேயே ஊதாவாக இருந்தது. அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. பால்காரர் வண்டி புழுதிக்குள் புகுந்ததும் சக்கரம் கரைந்து, தலை மட்டும் மிதந்து போனது. தெருவின் நடுவில் நீலச் சேலையில் அம்மா, ஒரு நீல இழுப்பு. பதினைந்து நிமிடம் இருந்திருக்கும். புழுதி இறங்கியதும் அது பழையபடி வீடும் சுவருமாக ஆகிவிட்டது.

வாட்ச்மேன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "என்னத்தா இது? மேகம் தெருவுல இறங்கிருச்சா? இந்தப் போட்டோவ அனுப்புனா ஆச்சி, வீட்டுல தீப்பிடிச்சிருச்சானு கேப்பாக."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. தெளிச்சுட்டுக் கூப்புடுறேன், அப்ப எடுங்க. பிள்ள பரீட்சைக்கு வரையிது" என்றாள் அம்மா.

"புழுதியையா பரீட்சைக்கு வைக்கிறாக? நல்ல காலேசு போங்க."

இப்படிப் பன்னிரண்டு நாள். ஒரு நாள் நிறம் பிடிபடும், உருவம் நழுவும். ஒரு நாள் ஈரக்காற்று வீசிப் புழுதி சரியாக எழும்பாது. "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கூட்டும்மா" என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கத்துவேன். அம்மா இழுத்துக் கூட்டுவாள். ஒரே வாசலை மூன்று தரம்கூடக் கூட்டியிருக்கிறாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இருமத் தொடங்கினாள். சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தலைப்பு கட்டியதும் அந்த நீல இழுப்பின் மேல்முனை மாறிவிட்டது. அதைத்தான் நான் கவனித்தேன். பலகையில் மேல்முனையைத் திருத்தினேன்.

அந்தப் பலகைகளை வைத்துக் கல்லூரியில் எங்கள் துறையில் பெரிய கேன்வாஸ் ஒன்று வரைந்தேன். அதைக் கண்காட்சிக்குத் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். சார் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். பின்பெஞ்ச்காரன் என் பக்கத்தில் வந்து, "கொசு மருந்துன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். மூக்கு இடிக்கிற மாதிரி கேன்வாஸ் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னடி, ஒண்ணும் தெரியல. அப்பி அப்பி வச்சிருக்க."

"கிட்டப் போகக் கூடாதும்மா. இங்குட்டு வா. இன்னும் பின்னால வா."

பின்வாங்கி, எதிர்ச்சுவரில் முதுகு முட்டுகிற வரை வந்தாள். முகம் மாறியது. "அட, நம்ம தெரு!" என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "இது காத்து மேற்க இருந்து அடிச்ச அன்னைக்கு. மூணாவது வீட்டுல ரெண்டு தரம் கூட்டச் சொன்னியே" என்றாள். எந்த நாள் என்று எனக்கே நினைவில்லை.

"இந்த நீலம் யாரு?"

"நீதான்."

"மூஞ்சி வைக்கலையா?"

"இந்த மாதிரிப் படத்துல யாருக்கும் மூஞ்சி வைக்க மாட்டாங்கம்மா."

"ம். சீலை சரியா இருக்கு." சொல்லிவிட்டு இருமினாள். தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்கள். "ஒண்ணுமில்ல, பெயிண்டு வாசம்" என்று அவர்களிடம் சொன்னாள்.

வைகாசியில் இருமல் நிற்கவில்லை. ஆனியில் வாளியைத் தூக்கிக்கொண்டு போகையில் இரண்டு வாசலுக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். ஆடியில் ஒரு விடிகாலை வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு கிடைக்காமல் படியில் சாய்ந்துவிட்டாள் என்று வாட்ச்மேன் போன் செய்தார். அப்படித்தான் அந்த டாக்டரம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தோம்.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக மங்கிக் கிடந்தது. "இந்த மங்கல் தெரியுதா? தெளிவா இருக்க வேண்டிய இடம்" என்று டாக்டரம்மா பேனாவால் சுட்டினார். ஓவியத்தில் மங்கல் என்பதைப் பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதி வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். தெரியுது என்று தலையை ஆட்டினேன்.

அம்மாவை ஆவி பிடிக்கிற மெஷினில் உட்கார வைத்துவிட்டு, தனியாகத் திரும்பப் போனேன். நின்றபடியே சொன்னேன். "டாக்டர், அம்மா ஒரு பன்னிரண்டு நாள் தெளிக்காம கூட்டினாங்க. நான்தான் சொன்னேன். அதனால வந்ததா?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "பல வருஷத்துத் தூசி இருக்கும்மா. விறகடுப்புப் புகை இருக்கும். அந்தப் பன்னிரண்டு நாள் எவ்வளவு சேர்த்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. இனிமே தூசி கூடாது. அதைப் பாருங்க."

உன்னால்தான் என்றோ உன்னால் இல்லை என்றோ சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். யாராலும் சொல்ல முடியாது என்பதை எந்தப் பக்கம் பிடிப்பது?

வீட்டுக்கு வந்ததும், "நாளையிலேருந்து நான் போறேன்" என்றேன்.

"எங்க?"

"வாசல் தெளிக்க."

"போயி? நீ வாளி தூக்குறதையும் அந்த வாட்ச்மேன் படம் பிடிச்சு அனுப்புவாரு. காலேசு போற பிள்ள வாசல் கூட்டுதுன்னு ஏழு வீட்டுலயும் பேசுவாக. இதுக்கா உன்னயப் படிக்க வச்சேன்?"

"அப்ப வேலைய விடு."

"விட்டுட்டு? உன் படிப்பு முடியட்டும், விடுறேன்."

ஒரு நாள் அவள் எழுவதற்கு முன்பே போய் மூன்று வாசலைத் தெளித்துவிட்டேன். நான்காவதில் இருக்கும்போது அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து விளக்குமாற்றைப் பிடுங்கினாள். ஓடி வந்ததில் அவளுக்கு வந்த இரைப்பு வேலையில்கூட வந்திருக்காது. அவள் பிடுங்கியபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. தெருமுனையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தாள். அதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டாள். இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். "நல்லாத் தெளிச்சுட்டுக் கூட்டும்மா" என்று தினமும் காலையில் சொன்னேன். இருபது வருடமாக அதைச் செய்கிறவளிடம் நான் சொன்னேன்.

நான்காம் வருடம் தொடங்கியது. "அந்தத் தெருவையே இன்னொரு தரம் பண்ணு" என்றார் சார். "அந்த ஓவியர்கள் ஒரே தெருவைத் திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க இல்லையா? நீயும் ஒரு வரிசையா பண்ணினா இறுதி வருஷத்துக்கு அதுவே போதும்."

நூலகத்தில் அந்தப் படங்கள் அச்சான பெரிய புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தெருவின் கீழ்மூலையில் யாரோ குனிந்திருந்தார்கள். ஒரே ஒரு பழுப்பு இழுப்பு. கையில் இருப்பது குடையா விளக்குமாறா என்று தெரியவில்லை. கிட்டப் போனால் வெறும் வண்ணம், தள்ளிப் போனால் அந்த ஆளே தெருவில் கரைந்துபோகிறார். மூடி வைத்துவிட்டேன்.

சார் சொன்னதை வீட்டில் வாய்தவறிச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசி பிறந்த அன்று அம்மா சாப்பிட்டுக்கொண்டே, "வெயிலு மறுபடியும் தெருத் தலைக்கு வரப்போகுது. பாத்தியா?" என்றாள்.

"வேணாம்மா. நான் மழைத் தெருவ வரையப்போறேன். ஐப்பசி வரட்டும்."

"மழையா? மழைய யாரு வேணாலும் வரைவாக."

"அம்மா, வேணாம்."

"சரி, சரி. வேணாம்னா விடு."

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. நான் எழுந்து பார்த்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தாள். இன்ஹேலர் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருவின் மேற்கு முனைக்கு வந்து திரும்பியதும் கால் நின்றுவிட்டது.

தெரு முழுக்கப் புழுதி. சூரியன் நேராகத் தெருவின் தலையில் இருந்தது. வீடுகள் தரையைவிட்டுக் கிளம்பி நின்றன. கோடையைவிடக் காற்றில் ஈரம் கூடுதலாக இருந்ததால் வெளிச்சம் இன்னும் கனமாக, தேன் மாதிரி, இறங்காமல் தொங்கியது. பங்குனியில் பன்னிரண்டு நாள் முயன்றும் எனக்குக் கிடைக்காத நிறம் இதுதான் என்று உடனே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். நடுவில் அந்த நீலம், வளைந்து வளைந்து எழுந்தது.

"அம்மா!"

"அங்கயே நில்லு! உள்ள வராத, படம் கெட்டுப்போகும்" என்று குரல் மட்டும் வந்தது. நடுவில் இருமல். "பெட்டிய எடுத்தாந்தியா?"

"வேணாம்னு சொன்னேன்லம்மா!"

"அது கெடக்கு. நல்லா எந்திரிக்குதா, சொல்லு."

என் கையில் இருந்த இன்ஹேலரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நடுவில் அத்தனை புழுதி. அவளுக்கு அது பிரஷ் மாதிரி தெரிந்திருக்கும். குனிந்து, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கூட்டினாள்.